மரபணுச் செம்மல்

பிலோமி பழைய வேட்டியின் கரையைப் பல்லில் கவ்விச் சர்ரென்று ஒரு நாடா கிழித்தாள்.

“கால் ரெண்டத்தையும் சேத்துப் புடிக்கா. பெருவெரலு ஒட்டிக்கினு இருக்கணும். வெறைச்சுப் போச்சுன்னா அப்பால கட்ட வராது.”

ஜெயக்கொடி கொழுந்தனின் கால்களைச் சேர்த்துப் பிடித்தாள். அவள் மருமகளாக வந்தபோது அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்று, “மயினி, ஒங்க ஊர்ல கடல் உண்டுமா?” என்று கேட்ட பையன் தவசிமுத்து. இன்று காலை சாத்தாங்காட்டில், அண்ணனின் இரும்புக் கடை வாசலில், எடைமேடையில் ஏறிய லாரியை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு அப்படியே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கைவைத்துப் பார்த்ததோடு சரி. வரும்போதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விரல்களைச் சேர்க்க, குதிகாலுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கினாள். கையில் ஏதோ தட்டுப்பட்டது. குதிகாலுக்குச் சற்று மேலே, பின்னங்கால் நரம்பு ஓடுகிற இடத்தில், கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோலக் கல்லாக ஒரு திரட்சி. மற்றக் காலைத் தடவினாள். அங்கேயும் அதே இடத்தில் அதே முடிச்சு.

பிலோமியும் பார்த்துவிட்டாள். எதிர் வீட்டுக்காரி. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். எந்த உடம்பையும் புரட்டிப் பார்த்துத்தான் விலை சொல்லுவாள்.

“இன்னாக்கா இது, கரணை கரணையா கீது?”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முப்பிடாதி, தவசிமுத்துவின் பெண்டாட்டி, அழுகையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். “அது ரொம்ப வருசமா இருக்குக்கா. செருப்பு வார் உரசி உரசிக் காய்ச்சுப் போச்சும்பாக.”

“லோடு ஏத்துன காலு. காய்க்காம இன்னா பண்ணும், பாவம்” என்று சொல்லிவிட்டுப் பிலோமி முடிச்சை இறுக்கினாள்.

ஜெயக்கொடி கையை எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் மெல்லிய குரல் அவள் காதுக்குள் கேட்டது. ‘பின்னங்கால்ல, குதிகாலுக்கு மேல, கட்டியா தடிப்பு ஏதாவது இருக்கா பாருங்கம்மா. இந்தக் கோளாறு இருக்கிறவங்கள்ல சில பேருக்கு அப்படி இருக்கும்.’

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், மரபணுச் செம்மலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜெயக்கொடியின் கணவர் ஆறுமுகநயினார் இரும்புத் தகடு வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். சங்கம் ஆண்டுதோறும் ஒரு மருத்துவ முகாம் நடத்தும். கண் முகாம் நடத்தியாயிற்று, சர்க்கரை முகாம் நடத்தியாயிற்று. ஆனால் சர்க்கரை முகாமை இப்போது முடிதிருத்தும் கடைக்காரர்கள்கூட நடத்துகிறார்கள். ஒரு தலைவருக்கு அது எப்படிக் காணும்? எனவே சென்ற ஆண்டு மரபணுப் பரிசோதனை முகாம். கழுத்தில் பட்டையும் கையில் சின்னச் சின்னக் குழாய்களுமாக ஒரு பரிசோதனைக் கம்பெனியின் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் போதும், பரம்பரையாய் வருகிற நோய் நொடியெல்லாம் தெரிந்துவிடும் என்றார்கள். ஆறுமுகநயினார் மேடையில் அதையே இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். “ஒரு சொட்டு எச்சில், ஏழு தலைமுறை ஜாதகம்!” கூட்டம் கைதட்டியது. இரும்புக்காரர்களுக்கு எதையும் உருக்கிப் பார்த்தால்தான் தரம் தெரியும். துப்பிப் பார்த்தே தெரியும் என்றால் சும்மாவா?

முதல் மாதிரி தலைவருடையது. நிரம்பிய குழாயை வெற்றிக் கோப்பைபோல உயர்த்திப் பிடித்து அவர் நின்ற படம் இன்றைக்கும் அவர் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் தொங்குகிறது. செயலாளர் அங்கேயே பொன்னாடை போர்த்தி ‘மரபணுச் செம்மல்’ என்ற பட்டத்தையும் கொடுத்தார். மற்றவர்கள் பொது இடத்தில் துப்பினால் மாநகராட்சி அபராதம் போடும். துப்பிப் பட்டம் வாங்கியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

விளம்பரக்காரர்கள் நச்சரிப்பார்கள் என்று எந்தக் கம்பெனிக்கும் தன் எண்ணைக் கொடுக்காமல் மனைவியின் எண்ணைக் கொடுப்பது அவர் வழக்கம். அதனால் அந்தப் பெண்ணின் அழைப்பு ஜெயக்கொடிக்கு வந்தது. சாரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றதால், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். சாருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு சேர்க்கிற கோளாறு மரபணுவில் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று மாரடைப்பில் கொண்டுபோய் விடும். ஆனால் மாத்திரையால் கட்டுப்படுத்தி நெடுநாள் நன்றாக வாழலாம். “இன்னொரு முக்கியமான விஷயம். கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கணும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு.”

ஆறுமுகநயினாரின் கை இட்லியில் நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. பாவம், பயந்துவிட்டார் என்று ஜெயக்கொடி நினைத்தாள்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது போர்வையை விலக்கிக் குதிகால்களைத் தடவிப் பார்த்தாள். சோப்புக் கட்டிபோல வழுவழுவென்று இருந்தன. டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தத்தில் கொழுப்பு அளவு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆளை நம்புவதா, மரபணு சொன்னதை நம்புவதா என்று டாக்டர் கொஞ்சம் யோசித்தார். மரபணு விலை கூடினது. அதை நம்பி மாத்திரை எழுதினார்.

“தவசிட்டயும் சொல்லணும்லா?” என்று கேட்டாள் ஜெயக்கொடி.

“நான் சொல்லிக்கிடுதேன்” என்றார் அவர்.

அவர் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஏனென்றால் தள்ளிப்போடச் சொன்னவளே அவள்தான். அடுத்த வாரமே தண்டையார்பேட்டை மளிகை மொத்த வியாபாரி வீட்டிலிருந்து மகனுக்குப் பெண் தர முன்வந்தார்கள். நல்ல இடம். நெஞ்சு நோய்க் குடும்பம் என்று ஒரு வார்த்தை வெளியே கிளம்பினால் போதும், மளிகைக்காரன் மிளகாயைப் புடைப்பதுபோல இவர்களைப் புடைத்துத் தள்ளிவிடுவான். “கல்யாணம் முடியட்டும். பொறவு சொல்லிக்கிடலாம்” என்றாள். அவர் மறுக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் அவர் தன் பேச்சைக் கேட்டதில் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கல்யாணம் இன்னும் முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தவசிமுத்து முடிந்துவிட்டான்.

“கைய எடுக்கா, கட்டியாச்சு” என்றாள் பிலோமி.

*

மதியத்துக்குள் தெருமுனையில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. தம்பியின் படம் ஒரு வட்டத்துக்குள் சிரித்தது. அண்ணனின் படம் வட்டத்துக்கு வெளியே, முழு உருவமாக, கைகூப்பி நின்றது. ‘உடன்பிறப்பை இழந்து வாடும் மரபணுச் செம்மல் ஆறுமுகநயினார், தலைவர்’ என்று அடியில் சிவப்பு எழுத்து. புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் குழம்பத்தான் செய்தார்கள். லாரி புரோக்கர் ஒருவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து, பந்தலில் ஆறுமுகநயினாரே எழுந்து வரவேற்றதும், மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் தடுமாறினார்.

கட்டடம் ஆறுமுகநயினாருடையது. மேலே இரண்டு தளங்கள் பளிங்குத் தரையோடு அண்ணனுக்கு. கீழ்த்தளம் சிமெண்ட் தரையோடு தம்பிக்கு. தம்பி கடையில் எல்லாமாகவும் இருந்தான். அதற்குப் பெயர்தான் ஒன்றும் வைக்கவில்லை. இப்போது அந்தச் சிமெண்ட் தரையில், ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மாவும் தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

எந்தச் சாவு வீட்டிலும் அழுது ஓய்ந்த பிறகு ஒரு நேரம் வரும். இறந்தவர் செய்த கூத்துகளை ஒருவர் எடுத்துவிட, அழுத கண்ணோடே எல்லோரும் சிரிப்பார்கள். தவசிமுத்துவின் மகள் பிரம்மசக்தி அப்படித்தான் ஆரம்பித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஒரே பிள்ளை. பெயர் தெற்கே சொந்த ஊர் அம்மனுடையது, பேச்சு திருவொற்றியூர்.

“பெரியப்பா இன்னா சொன்னாலும் எங்கப்பா செய்யும் ஆன்ட்டி. உனக்குத் தெரியுமா, எச்சி துப்பச் சொன்னாக்கூட துப்பும்” என்றாள் பிலோமியிடம்.

“எச்சியா? இன்னா பாப்பா சொல்ற?”

“அந்த டிஎன்ஏ கேம்ப்பு வச்சாங்கல்ல. குழாய்ல துப்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வாயில ஒண்ணும் போடக் கூடாதாம். பெரியப்பா வாயில புகையிலை! வெளிய பேனரு ‘போதையில்லா சாத்தாங்காடு’ன்னு. பாத்ரூமுக்குள்ள போயி அப்பாவக் கூப்ட்டு, ‘ஏல, நீ துப்புல. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான, எவன் எச்சின்னா என்ன’ அப்டின்ச்சாம். எங்கப்பா துப்பிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. ‘அண்ணனுக்காக லோடு ஏத்திருக்கேன், போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன், எச்சி துப்புனது இதான் மொதத் தடவ’ன்னு.”

பெண்கள் சிரித்தார்கள். முப்பிடாதிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னாகளேட்டி, நீ பாட்டுக்குச் சொல்லுதியே” என்று மகளைக் கடிந்தாள். கடிந்ததில் ஒரு செல்லம் இருந்தது. ஜெயக்கொடியைப் பார்த்து, “தப்பா எடுத்துக்கிடாதீங்கக்கா” என்றாள்.

“அப்போ செம்மல் பட்டம் உங்கப்பனுக்குத்தானே சேரணும்!” என்றாள் பிலோமி. “அந்தாளு பிளெக்ஸ்ல போட்டுக்கினு நிக்கிறாரு.”

மறுபடி சிரிப்பு. சம்பந்தியம்மாவும் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள்.

ஜெயக்கொடிக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபமும் இல்லை. அப்படியானால் அது இவர் ரத்தத்தில் இல்லை; டாக்டர் பார்த்த கொழுப்பு அளவு சொன்னதுதான் நிஜம். இவருக்கு இல்லை என்றால் மகனுக்கு இல்லை. பல மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் புரண்டு விலகி, உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஐஸ் பெட்டிக்குள் தவசிமுத்து கிடக்க, அதன்மேல் கைவைத்தபடி அவள் சந்தோஷப்பட்டாள். அது எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். ஆனால் இருந்தது. கண்ணாடி மூடியில் தன் முகம் தெரிவதைக் கண்டு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பிறகுதான் மாத்திரை நினைவுக்கு வந்தது.

மாத்திரை எழுதிய புதிதில் ஆறுமுகநயினார் அட்டையைக் கடைக்குக் கொண்டுபோவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறேன் என்பார். ஒருநாள் சாப்பாட்டுக் கேரியரோடு அவளே கடைக்குப் போனபோது, தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்று தவசிமுத்து அந்த இளஞ்சிவப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணன் குடுத்தாக மயினி. சத்து மாத்திரையாம். தெனம் ஒண்ணு போடுலன்னாக.”

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாத்திரை போடச் சோம்பல்பட்டுத் தம்பி தலையில் கட்டுகிறாரா? “ஒருத்தருக்கு எழுதுனத இன்னொருத்தர் திங்கலாமா? எடு இங்க. அவுக உசுரே இதுலதான் இருக்கு தெரியுமா?”

தவசிமுத்து சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். “அய்யய்யோ, அண்ணன் உசுர நான் முழுங்கிட்டேனே!” என்று தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுப்பதுபோல நடித்தான். என்ன நோய் என்று கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. அண்ணன் விஷயத்தில் எதையும் கேட்காதவன்.

அன்றிலிருந்து அட்டை அவள் பீரோவில் இருந்தது. தினமும் சாப்பாடு முடிந்ததும் கணவருக்கு எதிரே நின்று, மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்ப்பாள். புருஷன் உயிரைத் தானே கையில் பிடித்துக் காப்பாற்றுவதாக அவளுக்கு நினைப்பு.

*

நீர்மாலைக்கு ஆட்கள் கூடினார்கள். ஊரில் என்றால் ஆற்றுக்குப் போய், வேட்டியைப் பந்தலாகப் பிடித்து, அதன் கீழே குடத்தில் நீர் சுமந்து வருவார்கள். இங்கே தெருமுனையில் தண்ணீர் லாரி. லாரிக்கும் பந்தல் பிடிக்கத்தான் வேண்டும். ஆறுமுகநயினார் வேட்டி மாற்ற மாடிக்குப் போனார். ஜெயக்கொடி பின்னாலேயே ஏறினாள்.

படித் திருப்பத்துப் படத்தில் அவர் குழாயை உயர்த்திப் பிடித்திருந்தார். குழாய்க்குள் இருந்தது நுரை நுரையாகத் தெளிவாகத் தெரிந்தது. நல்ல கேமரா. அவள் அதைப் பார்க்காமல் கடந்தாள்.

அவர் வாஷ்பேசினில் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். பழுப்புச் சாறு வெள்ளைப் பீங்கானில் வழிந்தது. கண்ணாடியில் அவளைக் கண்டதும் அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டார்.

“தெறந்து விடாண்டாம்” என்றாள். “எல்லாம் கேட்டாச்சு. சக்தி சொல்லிட்டா.”

அவர் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான்.

“துப்புனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த எச்சில்ல என்ன வந்துதுன்னு ஒங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாயைக் கொப்புளிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சுத் துப்பியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?”

“மேடையில எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாவ. பொன்னாடைய விரிச்சுப் புடிச்சுட்டானுவ.” சிறு பிள்ளை முறையிடுவதுபோல இருந்தது. “இப்படி வரும்னு நான் கண்டேனா? எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான்னு நெனச்சேன்.”

“சொன்ன பொறவாவது அவன்ட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிச் சொல்ல? எம் பேருல வந்தது ஒனக்குல தம்பின்னா? ஏன்னு கேக்க மாட்டானா? அவன் கேக்க மாட்டான். ஊரு கேக்கும்லா?” அவர் இப்போது திரும்பினார். உதட்டோரத்தில் பழுப்பு. “நான் சும்மா இருக்கல ஜெயக்கொடி. மாத்திரையைக் குடுத்தேம்லா. சத்து மாத்திரைன்னு பொய் சொல்லிக் குடுத்தேன். அவனும் போட்டான். நீதான…”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் பேசிய பேச்சுகளில் பாதியில் நிறுத்தியது இது ஒன்றுதான்.

கீழே சங்கு ஊதினார்கள். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை அந்த அட்டையை வாங்கிய கை.

“இன்னைக்கும் அந்த மாத்திரை வேணும்னா சொல்லுங்க, பீரோவுல நெறைய இருக்கு” என்றாள். யாரைக் குத்தச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். துடைத்ததும் கொஞ்சம் தலைவர் ஆனார். “போனவன் போயிட்டான். இப்பம் சொன்னா திரும்பி வரப்போறானா? சம்பந்தக்காரவ வேற கீழ உக்காந்திருக்காவ.”

“சக்தி இருக்காளே. பாதிக்குப் பாதின்னு அந்தப் பிள்ள சொன்னது மறந்து போச்சா?”

“பதினாறு கழியட்டும்” என்றார். “கல்யாணம் முடியட்டும். பொறவு சொல்லிக்கிடலாம்.”

அது அவளுடைய வாக்கியம். அவள் கொடுத்ததை அப்படியே அலுங்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

*

எடுக்கும்போது ஆறுமுகநயினார் பந்தலில் மைக் இல்லாமலே பேசினார். “என் தம்பி. ஒரே வயிறு, ஒரே ரத்தம்” என்று தொடங்கியவருக்கு அதற்கு மேல் ஓடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். துக்கத்தில் தலைவருக்குப் பேச்சு வரவில்லை என்று சங்கத்து ஆட்கள் நெகிழ்ந்துபோனார்கள். உண்மையாகவே அழுதார். அது வேண்டுமானால் அவர் கணக்கில் இருக்கட்டும்.

வண்டி தெருமுனை திரும்பியது. மேளச் சத்தம் எண்ணூர் நெடுஞ்சாலை லாரி இரைச்சலில் கரைந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பின்கட்டுக் குழாயடியில் ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

பிரம்மசக்தி ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். கழுவிக் காயத் தொடங்கியிருந்த சிமெண்ட் தரையில் அவள் பாதங்கள் பதிந்துகொண்டே வந்தன. ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து அந்தத் தடங்களையே பார்த்திருந்தாள். நல்ல வடிவான குதிகால்கள். மெலிந்தவை. இந்த வயதில் ஒன்றும் தெரியாது. வெளியே ஒன்றும் தெரியாது என்றுதானே அந்தக் குரலும் சொன்னது.

“தல துவட்டித் தாரேன், வா” என்றாள்.

சக்தி அவள் எதிரே வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். துவட்டிய துண்டாலேயே ஜெயக்கொடி அவள் பாதத்தையும் துடைத்தாள். கட்டைவிரல் குதிகாலுக்கு மேலே போய், நரம்போடு மெதுவாக ஏறி இறங்கியது.

“கூசுது பெரிம்மா. இன்னா பண்ற?”

“ஒண்ணுமில்லட்டி.”

நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மா எழுந்தாள். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லாமல் கிளம்புவது மரியாதை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சத்தமில்லாமல் வாசல் பக்கம் நடந்தாள்.

அவள் போய்விட்டால் எல்லாம் சுலபம். ஜெயக்கொடிக்கு அது நன்றாகத் தெரிந்தது. பதினாறு வரும். கல்யாணம் வரும். பேரன் பேத்தி வரும். பொறவு என்பதற்கு ஒரு முடிவே வராது.

“மயினி” என்றாள்.

சம்பந்தியம்மா திடுக்கிட்டு நின்றாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவளை யாரும் பின்னால் கூப்பிட மாட்டார்கள்.

“செத்த இருங்க. நீங்களும் இருந்து கேட்டுட்டுப் போங்க. முப்பிடாதி, நீயும் இங்கன வா.”

முப்பிடாதி ஈரச் சேலையோடு வந்து மகளருகே நின்றாள். என்னவோ சடங்கு விட்டுப்போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பிலோமி அதைப் பாதியில் வைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஜெயக்கொடி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அவளுக்குப் பேசத் தெரியும், தேடத் தெரியாது. எண்ணைப் பதிவதென்றாலும் எடுப்பதென்றாலும் கீழே இறங்கி வந்து சக்தியிடம்தான் கொடுப்பாள். அந்தப் பெண்ணின் எண்ணையும் அப்படித்தான் கொடுத்தாள். ‘யாரு பெரிம்மா இது?’ என்று சக்தி கேட்டாள். ‘ஒங்க பெரியப்பா ஆஸ்பத்திரி விசயம்’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

“அன்னைக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுத்தியே, பெரியப்பா ஆஸ்பத்திரின்னு. அத எடு.”

சக்தி எடுத்தாள். “ஆங், கீது. யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா? கால் பண்ணட்டா?”

“பண்ணணும். நீதான் பேசணும். நான் பக்கத்துல இருக்கேன்.” ஜெயக்கொடி எச்சிலை விழுங்கினாள். “அதுக்கு முன்ன அதுல பேர மாத்து.”

“இன்னான்னு மாத்த?”

சம்பந்தியம்மா வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றாள்.

“பெரியப்பான்னு இருக்கத அழிச்சிட்டு, ஒங்கப்பா பேரப் போடு.”

சக்தி பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குனிந்தாள். கேட்காத பழக்கம் அப்பனிடமிருந்து வந்தது. ஈரக் கட்டைவிரல் திரையில் வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

அவள் நடந்து வந்த தடங்கள் பின்கட்டுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன. விரல்களும் உள்ளங்காலும் முதலில் மறைந்தன. குதிகால் பதிந்த இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.